பள்ளிவாசலின் வடிவமும் ஜமாஅத்தின் வாழ்வும்

பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் குப்பாக்களையும் மினாராவையும் காணும் நம்மவர் பலர், நம் முன்னோர் கட்டிய கோலம் இதுவே என எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

1801-ஆம் ஆண்டில், தமிழ் முஸ்லிம் வணிகரும் அன்றைய கப்பித்தானுமாகிய காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால் இப்பள்ளிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி சுமார் 18 ஏக்கர் நிலம் வழங்கிற்று. அதில் எழுந்தது ஒரே தளமுள்ள எளிய செங்கற் கட்டடம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய பள்ளிகளை நினைத்துப் பாருங்கள்! அவை கல்தூண் மண்டபங்கள். குப்பாவை நம்பி நின்றவை அல்ல. கரையை விட்டு வந்த வணிகருக்குத் தொழுகைக்கு இடம் வேண்டியிருந்தது; ஆடம்பரம் வேண்டியிருக்கவில்லை.

காலம் சென்றது. ஜமாஅத் பெருகியது, வக்ஃபு நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது. அதன் நிர்வாகம் பற்றிக் குறைகள் எழுந்தன. 1905-இல் அரசாங்கம் சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து தர்மச் சொத்துக்களை ஒரு வாரியத்தின் பொறுப்பில் வைத்தது.

அதன்பின், 1910-ஐ ஒட்டிக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஆல்ஃபிரட் நியூபிரானர் பள்ளியை விஸ்தரித்தார். இன்று நாம் காணும் முகலாயச் சாயல் அப்பொழுது வந்ததே. கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமிஆ பள்ளிவாசலையும் அக்காலத்தில் அலங்கரித்த பாணியும் இதன் உறவே. ஆகவே, இக்குப்பாக்கள் நாகூரிலிருந்தோ காயலிலிருந்தோ கப்பலேறி வந்தவை அல்ல. ஆங்கில ஆட்சிக் கால ரசனை அவற்றில் இருக்கிறது. 1930-களில் நடுமண்டபம் இரட்டை உயரத்துக்கு எழுப்பப்பட்டது. நெருக்கமாக நின்று தொழுவோருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. 2003-இல் மறுபடி புதுப்பிக்கப்பட்ட பள்ளி, 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த ஜார்ஜ் டவுன் நகரில் நிற்கிறது.

இதில் நமக்குள்ள பாடம் யாது?

கட்டடம் மாறியது குற்றமன்று; அது உயிருள்ள ஜமாஅத்தின் அடையாளம். தொழுவோர் பெருகினால் சுவரும் விலகத்தான் வேண்டும். ஆனால் சுவரை மாற்றுவதற்குப் பொருள் தந்தது வக்ஃபு. அதன் கணக்கு கலங்கியபோது முன்னோர் தேடிய சொத்தின் பொறுப்பு பிறர் கைக்குச் சென்றது. வணிகராகிய நாம் கடைக் கணக்கை ஒவ்வொரு இரவும் பார்க்கிறோம். பள்ளியின் கணக்கை ஆண்டுக்கொரு முறையேனும் கேட்டுப் பார்க்கிறோமா?

அடுத்த தலைமுறை பள்ளியின் வடிவத்தை எப்படியும் மாற்றும். அதற்கான நிலமும் நாணயமும் அவர்களுக்கு மிஞ்சியிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.