முதலில் காலை எண்ணு

அன்புள்ள கதிர்,

அத்தை எழுதுவது. கணுக்காலிகள் பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறாயாம்; ஆனால் தேள் பூச்சியா இல்லையா என்று கேட்டால் விழிக்கிறாயாம். அப்பா போனில் சொன்னார். உருப்போட்டது போதும். புத்தகத்தை மூடிவிட்டுக் காலை எண்ணப் பழகு.

எறும்பு, கரப்பான், வெட்டுக்கிளி எதுவானாலும் கால் ஆறுதான். உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். தலையில் இரண்டு உணர்கொம்புகள். இவைதான் பூச்சிகள். சிலந்திக்கும் தேளுக்கும் உண்ணிக்கும் கால் எட்டு, உணர்கொம்பு கிடையாது. ஆகவே தேள் பூச்சி இல்லை, சிலந்தியின் உறவு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். தேளின் முன்னால் இருக்கும் இரண்டு இடுக்கிகளைக் கால் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை வாயருகே முளைத்த வேறு உறுப்புகள். நண்டின் இடுக்கிகளோ கால்களேதான். அவற்றையும் சேர்த்தால்தான் பத்து வரும். நண்டும் இறாலும் ஓடுடைய கூட்டம். அவற்றுக்கு உணர்கொம்பு இரண்டு ஜோடி. ஞாயிற்றுக்கிழமை அம்மா இறால் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார், எந்தப் படத்தையும்விடத் தெளிவாகத் தெரியும்.

பூரானுக்குக் கண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி. பூரானுக்கு நூறு கால் என்பார்கள். வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும். ஐம்பது ஜோடி எப்படி வரும்? மரவட்டைக்கு ஆயிரம் கால் என்பதும் வெகுகாலம் வெறும் பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் நிலத்தின் ஆழத்தில் கிடைத்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் என்று 2021-இல் அறிவித்தார்கள்!

இவை எல்லாவற்றுக்கும் எலும்பு உள்ளே இல்லை. கைட்டின் என்ற பொருள் கலந்த கெட்டி உறைதான் வெளியே தாங்குகிறது. அந்த உறை உடம்போடு வளராது. சின்னதாகிப்போன சட்டையைக் கழற்றுவது மாதிரி, அதை உரித்துவிட்டுத்தான் வளர வேண்டும். சமையலறையில் எப்போதாவது வெள்ளைக் கரப்பான் ஓடினால் அதிசயம் என்று நினைக்காதே. அப்போதுதான் உறை உரித்தது அது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

எண்ணும்போது ஒன்று உன்னைக் குழப்பும். முட்டையிலிருந்து வந்த உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான். உறை உரித்த பிறகே எட்டாகும். பரீட்சையில் கேட்க மாட்டார்கள், நீ தெரிந்துகொள்.

தேளையும் பூரானையும் தள்ளி நின்றே எண்ணு. பூரானின் முதல் ஜோடிக் கால்கள்தான் நச்சுக் கொக்கிகளாக மாறியிருக்கின்றன. மரவட்டை கொட்டாது; ஆனால் தொட்டால் எரிச்சலூட்டும் திரவம் விடும், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதே. தோட்டத்தில் கல்லைப் புரட்டுவதானால் அப்பாவைக் கூப்பிட்டுக்கொள். பார்த்து முடித்ததும் கல்லைப் பழையபடியே வைத்துவிடு. அது அவற்றின் வீடு.

அன்புடன்,
அத்தை