ஊனமல்ல, இரண்டாம் வகை

ஊத்துக்கோட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான வட்டாரத்தில், ஏரிப் பாசனத்தை நம்பிய வயல்களுக்குச் சமீபத்திலேயே தொழிற்சாலைகளும் பெருகிவிட்டபடியால், நீர்வாழ் ஜீவனொன்றின் உடலில் விபரீதமாக எது தென்பட்டாலும் அதனை ஆலைக்கழிவின் விளைவென்று கொள்ளும் நம்பிக்கை எளிதில் வேரூன்றிவிடும். பைலா என்னும் வயல் நத்தையின் விந்துத் திரவத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர், நூலிழைபோன்ற விந்தணுக்களுக்கிடையே, பருத்து வளைந்து, ஒரு முனையில் நான்கைந்து இழைகளைத் தாங்கிய வேறோர் உருவையும் கண்டு, அதை ஊனமுற்ற அணுவென்றே தீர்மானிக்கக்கூடும்.

அத்தீர்மானம் தவறு. செயற்கைச் சாயத் தொழில்கூடத் தோன்றாத 1836-லேயே ஜெர்மானிய விலங்கியலறிஞர் சீபோல்டு, ஐரோப்பிய ஆற்று நத்தையொன்றில் இவ்விருவகை அணுக்களையும் கண்டு எழுதினார். பைலாவிலும் ஆரோக்கியமான ஆண் ஒவ்வொன்றிலும் இரண்டும் உண்டு. (நத்தையெல்லாம் ஆணும் பெண்ணும் ஓருடலாய் அமைந்தவை என்பதும் பிழையே, தோட்டத்து நத்தைக்குப் பொருந்தும் அவ்விதி பைலாவுக்குப் பொருந்தாது.) மாசினால் நத்தைகளின் இனவிருத்தி கெடுவதே இல்லையென்று நான் சொல்லவில்லை, கப்பல்களின் அடிப்பாகத்தில் பூசப்பட்ட டிரைபியூட்டைல் டின் என்னும் நஞ்சினால் கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆணுறுப்பு முளைத்தது மெய். ஆனால் அது வேறு, இது வேறு.

இரண்டாம் வகை அணு உருவாகும் விதமே அது விபத்தன்று என்பதற்குச் சான்று. சீபோல்டு கண்ட அந்த ஆற்று நத்தையில், விந்தணுத் தாய்ச்செல் பிரியும்போது குரோமோசோம்களுள் பெரும்பாலானவை செல்லின் உட்பொருளிலேயே சிதைந்து மறைய, பரம்பரைப் பொருளில் அற்பமே எஞ்சுகிறது. அதே சமயத்தில், சாதாரணமாக ஒன்றையடுத்து ஒன்றாகவே தோன்றும் சென்ட்ரியோல் என்னும் நுண்ணுறுப்பு, ஒன்றைச் சூழப் பல சேய்களாக ஒருங்கே அரும்பி, ஒவ்வொன்றும் ஒரு வாலுக்கு அடித்தளமாகிறது. ஜோசப் கால் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் இதனை விளக்கிக் காட்டினார். சந்ததிக்குரியதைத் துறப்பதும் வால்களைப் பெருக்குவதும் ஒரே செல்லில், ஒரே ஒழுங்கில், தலைமுறைதோறும் தவறாமல் நிகழ்வதை ஊனமென்று எப்படிச் சொல்வது?

கருத்தரிக்கச் செய்ய இயலாத அணு வீணானதென்பதும் ஆதாரமற்ற அபிப்பிராயம். சீபோல்டு கண்ட ஆற்று நத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் ஐரோப்பிய நத்தையைப்பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், ஒரே பெண்ணோடு பல ஆண்கள் கூடியபோது, இந்த இரண்டாம் வகை அணுக்கள் எவனிடம் நீளமாயிருந்தனவோ அவனுக்கே குஞ்சுகளில் பெரும்பங்கு கிடைத்ததென்று கண்டனர்.