வெங்காய வேருக்கு ஒரு மறைவான துணை

வெங்காயம் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நூல் போன்ற சில வேர்கள். கிளைகள் மிகக் குறைவு. மற்றப் பயிர்களுக்கு உள்ள வேர்மயிர்களும் ஏறக்குறைய இல்லை. இவ்வளவு சிறிய வேரை வைத்துக்கொண்டு, வலிகாமத்துச் செம்மண்ணில், ஆவணி வெயிலில் அது எப்படிப் பிழைக்கின்றது?

அதற்கு மண்ணில் ஒரு துணை உண்டு. வேருக்குள் குடியிருந்து, மெல்லிய இழைகளை வெளியே மண்ணுக்குள் பரப்பும் ஒருவகைப் பங்கசு அது. பங்கசு என்றதும் அழுகலும் வாடலும் நினைவுக்கு வரும். இது அந்த இனமன்று. பயிர் தான் ஆக்கும் சீனியில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கின்றது. பங்கசு பதிலுக்குப் பொசுபரசு, நாகம், செம்பு ஆகியவற்றைத் தேடிக் கொடுக்கின்றது. 1885இல் ஜேர்மன் தாவரவியலாளர் பிராங்க், மரவேர்களை ஆராய்ந்து இத்தகைய உறவுக்குப் பெயரிட்டார். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. வேரைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க முடியும்.

வரட்சி என்றால் நாம் தண்ணீரை மட்டுமே நினைக்கிறோம். ஆனால் பொசுபரசு மண்ணில் எளிதில் நகராத சத்து. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றருக்குள் இருப்பதை எடுத்து முடித்ததும் அவ்விடம் வெறுமையாகிவிடும். மண் காயக் காய நகர்வு இன்னும் குறையும். ஆகவே காய்ந்த மண்ணில் நிற்கும் பயிருக்குத் தாகத்தோடு பசியும் சேர்கின்றது. பங்கசின் இழைகளோ வேரிலிருந்து பல சென்ரிமீற்றர் தூரம் செல்லும். வேர் நுழைய முடியாத நுண்துளைகளிலும் நுழையும். இழைகள் மண்துணிக்கைகளைப் பிணைப்பதால் மண் கட்டமைப்பும் திருந்தும்.

உவரிலும் இதன் உதவி உண்டு. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லினுள் நன்னீர், கடல்நீரின்மேல் மிதப்பதுபோலக் கிடக்கின்றது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். இப்பங்கசு குடியேறிய பயிர்கள், சோடியம் இலைக்கு ஏறுவதைக் குறைத்துப் பொற்றாசியத்தைக் காத்துக்கொள்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் உவர் மிகுந்தால் பங்கசின் வித்திகளே முளைக்கத் தாமதிக்கும். கெட்ட கிணற்றை இது நல்ல கிணறாக்காது.

நைதரசனையும் இது காற்றிலிருந்து எடுத்துத் தராது. அது பயற்றின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவின் வேலை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்படும்வரை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. யூரியா இல்லாத குறையைப் பங்கசு தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி நமது பங்கு. பயிர் வாடினால் இன்னும் ஒரு பிடி ரி.எஸ்.பி. போடுவது நமது வழக்கம். மண்ணில் பொசுபரசு மிகுந்தால் பயிர் தன் துணையைச் சேர்த்துக்கொள்ளாது. சீனியைக் கொடுக்க அதற்குத் தேவையில்லை. ஆண்டுதோறும் போட்டுவந்த தோட்டத்தில் முதலில் மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். மண்ணில் ஊற்றும் சில பங்கசுநாசினிகளும், அடிக்கடி ஆழக் கொத்துவதும் இழைகளை அழிக்கும். கோவா, முள்ளங்கி, பீற்றூட் ஆகியவற்றின் வேரில் இது வளராது. எனவே கோவாவுக்குப் பின் உடனே வெங்காயம் நடுவதைவிட, இடையில் பயறோ இறுங்கோ சணலோ போடுவது நல்லது. நிலத்தை வெறுமையாக விட்டாலும் பங்கசு குறையும். உயிருள்ள வேரின்றி அது பெருகாது.

வீட்டிலேயே பெருக்கவும் முடியும். சுத்தமான மணல் நிரப்பிய சாடியில், புல் நிற்கும் வேலியோர மண்ணை வேர்களோடு சிறிது கலந்து இறுங்கு விதையுங்கள். பொசுபரசுப் பசளை இடவேண்டாம். மூன்று மாதம் சென்றபின் நீரை நிறுத்திக் காயவிட்டு, தண்டை வெட்டி எறிந்து, வேரைச் சிறிதாக நறுக்கி அந்த மணலோடு கலந்துகொள்ளுங்கள். மிளகாய் நாற்றுமேடையில் விதைக்குக் கீழே ஓர் அங்குல ஆழத்தில் இதனைப் பரப்பவேண்டும். வெங்காயமாயின் நடுகுழியில் இடலாம். மேலே தூவினால் பயனில்லை, முளைக்கும் வேர் இதனைத் தொடவேண்டும்.

எங்கே மண் எடுக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். மிளகாயோ தக்காளியோ கத்தரியோ வாடிச் செத்த இடத்து மண்ணை எடுத்தால் வாடல்நோயையும் வேர்முடிச்சுப் புழுவையும் நாமே சாடியில் வளர்த்தவர்களாவோம். சாடியில் வளர்ந்த இறுங்கின் வேரில் வீக்கமோ அழுகலோ கண்டால் முழுவதையும் எரித்துவிடுங்கள்.

முதல் முறை இரண்டு பாத்திகளுக்கு மட்டும் இட்டு, பக்கத்தில் இரண்டை இடாமல் விடுங்கள். நீரும் பசளையும் எல்லாவற்றிற்கும் ஒரே அளவு. அறுவடையில் நான்கையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.