ஒழுங்கு என்றால் என்ன?

பெரட்டுக்களத்தில் "ஒழுங்கா நில்லு" என்ற சத்தம் கேட்டாலே நம்மில் பலருக்குத் தண்டனைதான் ஞாபகம் வரும். காரணம் இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கே அனுப்ப முடிந்தது. கையில் துண்டு இல்லாவிட்டால் வேறு தோட்டத்தில் சேரவும் வழியிருக்கவில்லை. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதை ஒழுங்கு என்றார்கள். பயம் என்பதே சரியான பெயர்.

கொழுந்து மலையைப் பாருங்கள். நல்ல கொழுந்துக் காலத்தில் 7, 8 நாளுக்குள் அதே மலைக்குத் திரும்பாவிட்டால் இலை முற்றிப்போகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எதுவென்று கங்காணி விரலைப் பிடித்தா காட்டுகிறார்? கை தானாகப் பறிக்கிறது. பீலியடியில் குடங்களை வரிசையாக வைப்பதும் அப்படித்தான். இதுவும் ஒழுங்கு, ஆனால் நம்முடையது.

இன்னொன்று, 'ஒழுங்கு நடவடிக்கை' என்று வரும் கடிதம். பயந்துபோய் உடனே கைநாட்டு வைத்துவிடாதீங்க. படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்க. என்ன குற்றம், எந்தத் தேதி, பதில் சொல்ல எத்தனை நாள் என்று பாருங்க. சங்கத் தலைவரிடம் காட்டி, பதிலை எழுத்தில் கொடுங்க. பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.