பழவேற்காடு: கோட்டையும் பாட்டும்

முன்னுரை

மனிதர்க்கு உள்ளது போலவே ஊர்களுக்கும் வளர்ச்சியும் தளர்ச்சியும் உண்டு. கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் ஒரு காலத்தில் உலகறிந்த துறைமுகங்கள். இன்று அவை சிற்றூர்கள். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றோர் ஊர், சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் கூடும் இடத்தில் அமைந்துள்ள பழவேற்காடு. தொழிலால் சிறந்த ஒரு நகரம் வீழ்ந்தபின் அதன் மரபு எங்கே வாழ்கிறது? கல்லிலா, மக்கள் வாழ்விலா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெசவும் வெடிமருந்தும்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து இறங்கினர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது விளங்கியது. அவர்கள் இங்கு வந்த காரணம் துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அத்தீவு மக்கள் விரும்பிக் கேட்டது தமிழ், தெலுங்கு நாட்டு நெசவாளர் நெய்த துணியையே. ஆகவே துணி இங்கிருந்து கீழ்த்திசை சென்றது. அங்கிருந்து நறுமணப் பொருள்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன.

இவ்வாணிகத்தை நம்பி நூல் நூற்போர், நெய்வோர், சாயம் தோய்ப்போர், துணியில் ஓவியம் தீட்டுவோர் எனப் பல்லாயிரவர் சுற்றுவட்டார ஊர்களில் வாழ்ந்தனர். வெடிமருந்து ஆலை ஒன்றும் பழவேற்காட்டில் இயங்கியது. எனவே இதனை வெறும் துறைமுகம் என்பதைவிட ஒரு தொழில் நகரம் என்பதே பொருந்தும்.

இச்சிறப்பின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. இத்துறையிலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை; அடிமைகளாக்கப்பட்ட ஏழை மக்களும் படேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். கோட்டையின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

வீழ்ச்சியின் காரணங்கள்

பழவேற்காடு ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றனர். வணிகரும் நெசவாளரும் மெல்ல மெல்ல அப்பக்கம் சாய்ந்தனர். 1690இல் டச்சுக்காரரே தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் மூண்ட போர்கள் இங்கும் எதிரொலித்தன. ஊர் ஆங்கிலேயர் கைக்கும் டச்சுக்காரர் கைக்குமாக மாறியது. 1806இல் கோட்டை இடிக்கப்பட்டது. 1825இல் ஊர் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவற்றோடு இரண்டு காரணங்கள் சேர்ந்தன. ஒன்று, முகத்துவாரத்தை அடைக்கும் மணல். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. மற்றொன்று, இங்கிலாந்து ஆலைகளின் மலிவான துணி. கைத்தறி அதனோடு போட்டியிட இயலவில்லை. வாணிகம் போனது, ஊர் மட்டும் நின்றது.

எஞ்சியவை

இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடே உள்ளது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் நெய்த கைகளுக்குக் கல்லறை இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்களை நினைவூட்டுவது ஒரு சொல்லே. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயர், அவ்வூரைக் கண்டிராத மக்களின் இடுப்பில் வாழ்கிறது!

மீனவரிடத்தில் எஞ்சியது வேறொன்று. ஏரியின் மீன்பிடி இடங்களைத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அது. இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று ஊரே வகுக்கும். வலியவன் நல்ல இடத்தை என்றும் தனதாக்கிக்கொள்ள இயலாது. எனினும் இம்முறை குறையற்றதன்று. இதற்கு வெளியே நிறுத்தப்பட்ட பிற சமூகத்தார் தமக்கும் உரிமை கோரி வாதாடியதுண்டு. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் இவ்வேரியை நம்பியே வாழ்கின்றனர்.

பாட்டாக நிற்கும் மரபு

துணியின் பெயரும் நீரின் பங்கீடும் எஞ்சியதுபோல், உழைத்தவரின் பாட்டும் எஞ்சக்கூடியதே. தொழில் வீழ்ந்த நகரங்கள் சிலவற்றை இன்று உலகம் அறிவது பாட்டினால்தான். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் இதற்குத் தக்க சான்று. 1931இல் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த அத்துறைமுகத்தில் 2001இல் ஏறத்தாழ நாலரை லட்சம் பேரே இருந்தனர். அமெரிக்கா சென்று மீண்ட கப்பல் தொழிலாளர் கொணர்ந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த இளைஞரிடையே ராக் இசை வேர் விட்டது. பீட்டில்ஸ் குழுவினர் அவ்வூரினரே. 2004இல் அந்நகரின் துறைமுகப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. புதிய கட்டடங்கள் பெருகியதால் 2021இல் அப்பட்டத்தைப் பறித்தது. ஆனால் 2015இல் யுனெஸ்கோ அளித்த ‘இசை நகரம்’ என்ற பெயர் நீங்கவில்லை. கட்டடம் இழந்த சிறப்பைப் பாட்டு காத்தது எனலாம்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. வடசென்னையின் பின்னி ஆலை, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாக இருந்த ஆலை. 1996இல் அது மூடப்பட்டது. ஆனால் அப்பகுதியின் உழைக்கும் மக்கள் இழவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடிய கானா மூடப்படவில்லை. 2017இல் உருவாகிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு, கானாவைப் பறையோடும் கிதாரோடும் ராக் இசையோடும் இணைத்து மேடையேற்றியது. நேற்று இகழப்பட்டது இன்று மரபாக மதிக்கப்படுகிறது.

அம்பாவின் நிலை

தமிழ்க் கடற்கரையில் மீனவரின் தொழிற்பாட்டை ‘அம்பா’ என்பர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒருசேரப் பின்பாட்டுப் பாடுவர். இது பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று. கரைவலையை இழுக்கும்போதும், துடுப்புப் போடும்போதும், தோணியைத் தள்ளும்போதும் எல்லாருடைய வலிமையும் ஒரே நொடியில் சேர வேண்டும். ‘ஐலசா’ என்னும் ஒலி அந்நொடியைக் குறிக்கும். பாட்டே அங்கு ஒரு கருவி!

கருவியின் வேலையை வேறொன்று ஏற்றுக்கொண்டால் கருவி மூலையில் கிடக்கும். கட்டுமரத்தின் இடத்துக்குக் கண்ணாடியிழைப் படகும் எஞ்சினும் வந்தன. உடல் நோவு குறைந்தது. அதனை யாரும் குறைகூற இயலாது. ஆனால் எஞ்சின் ஓசைக்குப் பாட்டின் தாளம் தேவைப்படவில்லை.

இதற்கிடையே ஏரியும் தளர்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வாராது. இறாலும் மீனும் குறையும். தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வந்துள்ளனர். ஒரு காலத்தில் தறி இழந்த ஊர், இன்று வலையையும் இழக்குமோ என்ற அச்சம் பொய்யானதன்று.

முடிவுரை

‘பாடு’ என்ற சொல் உழைப்பையும் குறிக்கும், பங்கையும் குறிக்கும், பாடுதலையும் குறிக்கும். மூன்றும் ஓரிடத்தில் கூடியதே மீனவர் வாழ்வு. கல்லறைக்குக் காவல் உண்டு, பாட்டுக்கு இல்லை. முதியவர் ஒருவர் மறையும்போது அவர் அறிந்த பாட்டும் உடன் மறைகிறது.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருபவர்கள். விடுமுறையில் வீடு செல்லும்போது, கையிலுள்ள கைபேசியிலேயே தாத்தாவின் பாட்டையும் பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடியது என்பவற்றை அவர் ஒப்புதலோடு உடன் எழுதி வைக்கலாம். தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் கைகோத்தால் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பாட்டுப் பேழை உருவாகும். நெய்தவரின் குரலை அன்று எழுதி வைப்பார் இல்லை. வலை இழுத்தவரின் குரலையாவது நாம் காப்போமாக.