கோபால்ட்டின் நிறம் யார் கையில்?

நீர் இருக்கிறதா என்று சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஒரு நீலத் தாளைத் தருவார். ஒரு சொட்டு நீர் பட்டதும் அது இளஞ்சிவப்பாகிவிடும். மெல்லச் சூடேற்றி உலர்த்தினால் நீலம் திரும்பி வரும். ‘கோபால்ட் குளோரைடு தாள்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தாளில் உள்ள கோபால்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு நிறம் ஏன் மாறுகிறது?

கோபால்ட்டைச் சூழ்ந்திருப்பவை மாறுவதால்தான். நீரில் கரைந்த ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன: மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றிலும் நான்கு. இதற்கு எண்முகி அமைப்பு என்று பெயர். இந்த நிலையில் கோபால்ட் வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

கோபால்ட் ஆக்சைடை மணலோடும் சோடாவோடும் உருக்கிக் கண்ணாடியாக்கினால் கதை வேறு. சிலிக்கேட் வலைப்பின்னலுக்குள் மாட்டிக்கொள்ளும் கோபால்ட் அயனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்களே அண்டை வீட்டார். இது நான்முகி அமைப்பு. முக்கோண அடித்தளம் கொண்ட ஒரு பிரமிடை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஆக்சிஜன், நடுவில் கோபால்ட்.

இந்த அண்டை அணுக்கள்தான் கோபால்ட்டின் எலக்ட்ரான்களுடைய ஆற்றல் மட்டங்களைப் பிரித்து வைக்கின்றன. மட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு ஏற்ற ஒளியே உட்கவரப்படும். நான்முகியில் பச்சையின் ஒரு பகுதி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவை உட்கவரப்பட்டு, நீலம் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

நீலம் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. எண்முகியில் ஒவ்வோர் அண்டை அணுவுக்கும் நேர் எதிரே இன்னொன்று இருக்கும். அந்தச் சமச்சீர், எலக்ட்ரான்களின் தாவலுக்குப் பெரும்பாலும் தடை போட்டுவிடுகிறது. நான்முகியில் ‘நேர் எதிரே’ என்று யாருமே இல்லை. அதனால் தடை தளர்ந்து, ஒளியை உட்கவர்வது பல மடங்கு வலுப்பெறுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு கோபால்ட் ஆக்சைடே கண்ணாடியை ஆழ்ந்த நீலமாக்கப் போதும். சுவாலைச் சோதனையில் சோடியத்தின் மஞ்சள் ஒளி பொட்டாசியத்தின் ஊதாவை மறைக்கும்போது, நீலக் கண்ணாடி வழியே பார்க்கச் சொல்வதும் இதனால்தான். சோடியத்தின் 589 நானோமீட்டர் ஒளியை அந்தக் கண்ணாடி விழுங்கிவிடும்.

இந்த நீலம் எவ்வளவு காலம் தாங்கும்? சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம். இந்தோனேசியாவின் பெலிடுங் தீவுக்கு அருகே 1998இல் ஒரு கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. சீனத் தாங் அரசர் காலத்துப் பீங்கான்களை ஏற்றி வந்த கப்பல் அது. அதிலிருந்த ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் உள்ளன. சுமார் 60,000 பொருள்களுக்கு நடுவே, வெள்ளைப் பரப்பில் நீலக் கோலம் தீட்டிய முழுமையான தட்டுகள் மூன்றே மூன்று. அவற்றின் நீலமும் கோபால்ட்தான். சூளையில் மெருகு உருகிக் கண்ணாடியானபோது கோபால்ட் அதற்குள் கரைந்து சிக்கிக்கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் நிறம் போகவில்லை.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் ஸ்மால்ட் என்ற நீல நிறமியைப் பயன்படுத்தினார்கள். பொட்டாசியம் மிகுந்த கோபால்ட் கண்ணாடியை அரைத்த தூள்தான் அது. விலையுயர்ந்த லாபிஸ் லசூலிக் கல்லிலிருந்து எடுக்கும் நீலத்தைவிட மிக மலிவு. ரெம்பிராண்டும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். இந்தத் தூளை எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்கள். வினை தொடங்கியது அங்கேதான். காலப்போக்கில் கண்ணாடித் துகள்களிலிருந்த பொட்டாசியம் கசிந்து எண்ணெய்க்குள் போனது. பொட்டாசியம் போனதும் வலைப்பின்னலின் அமைப்பு மாறி, நான்கு அண்டை அணுக்களோடு இருந்த கோபால்ட் ஆறு அணுக்களுக்கு மாறத் தொடங்கியது. கோபால்ட் ஓவியத்திலேயேதான் இருக்கிறது, நீலம்தான் இல்லை. நீல வானமாகத் தீட்டியவை இன்று சாம்பல் நிறமாகவும் பழுப்பாகவும் நிற்கின்றன. ஓவியர் மங்கலான வானத்தைத்தான் விரும்பினார் என்று பார்ப்பவர் எண்ணிவிடக்கூடும்.

ஓவியர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்தது. தூளை நைசாக அரைத்தால் நிறம் வெளிறிவிடும். போதாக்குறைக்குப் பரப்பளவு கூடி, பொட்டாசியமும் விரைவாகக் கசியும். பருபருவென்று விட்டால் நீலம் நன்றாக இருக்கும், ஆனால் தூரிகைக்குச் சரிவராது. அப்படிப் பருமனாக விடப்பட்ட துகள்கள் சிலவற்றை இன்று நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பு வெளுத்திருக்க, நடுப்பகுதி மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது.