அந்தக் கேலக்ஸிகள் சிவந்தது எப்போது?

கேள்வி: இரவு ஷிஃப்ட் இடைவேளையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களைக் கைபேசியில் பார்ப்பேன். கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும் படங்களில் பெரியவை எல்லாம் மஞ்சளாக, சிவப்பாகத் தெரிகின்றன. பிறந்ததிலிருந்தே அப்படித்தானா?
– வாசகி, ஒரகடம்

பதில்: இல்லை, அவையும் ஒரு காலத்தில் நீலமாக இருந்தவைதான். மிகப் பெரிய விண்மீன்கள் நீலமாகக் கொதித்து, சில கோடி ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். அதனால் நீல கேலக்ஸி என்றால் அங்கே இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன என்று பொருள். சிவந்த கேலக்ஸியில் பிறப்பு எப்போதோ நின்றுவிட்டது. நீண்ட ஆயுள் கொண்ட சிறிய விண்மீன்களே மிஞ்சியிருக்கின்றன. தூரத்தாலும் ஒளி சிவக்கும். அதைக் கழித்த பிறகே வானியலாளர்கள் நிறத்தை மதிப்பிடுகிறார்கள்.

நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிக் கொத்துகளில் பெரும்பாலான கேலக்ஸிகள் சிவந்தவையே. தொலைவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். 1978-இல் வானியலாளர்கள் ஹார்வி புச்சரும் அகஸ்டஸ் ஓம்லரும் இரண்டு தொலைதூரக் கொத்துகளை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான நீல கேலக்ஸிகள் அங்கே இருந்தன. அந்த ஒளி புறப்பட்டு 400 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் பூமி புதிதாக உருவாகியிருந்த காலம் அது. இன்னும் பின்னே போனால், 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்து உருவாகிக்கொண்டிருந்த இடத்தில், ‘சிலந்திவலை’ என்று பெயரிடப்பட்ட கேலக்ஸி விண்மீன்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஏன் நின்றது? விண்மீன் உண்டாகக் குளிர்ந்த ஹைட்ரஜன் வேண்டும். கொத்துக்குள் கேலக்ஸிகளுக்கு இடையே பல கோடி டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதற்குள் வேகமாக விழும் கேலக்ஸியின் குளிர்ந்த வாயுவை அந்த எதிர்காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். 1972-இலேயே ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் இதைக் கணித்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கருவி ஒன்று இதை நேரிலேயே பார்த்திருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி உண்டு. இளம் விண்மீன்கள் புறஊதாவில்தான் பளிச்சென்று தெரியும். அந்தத் தொலைநோக்கியைக் கொண்டு வானியலாளர் கோஷி ஜார்ஜ் குழுவினர், ஏபெல் 85 என்ற கொத்துக்குள் வினாடிக்கு 3,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாயும் ஜே.ஓ.201 என்ற கேலக்ஸியை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பிடுங்கப்பட்ட வாயு வாலாக நீண்டிருக்கிறது. அந்த வாலிலேயே, கேலக்ஸிக்கு வெளியே, புதிய விண்மீன்கள் பிறந்திருக்கின்றன! இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த படம் அதுதான்.

ஆனால் எல்லா கேலக்ஸிகளும் இப்படி வேகமாக வாயுவை இழப்பதில்லை. உங்கள் ஒரகடத்து ஆலைக்கு உதிரிபாக லாரிகள் வராமல் போனால் அன்றே லைன் நின்றுவிடுமா? கிடங்கில் இருப்பு உள்ளவரை ஓடும். கேலக்ஸியும் அப்படித்தான்: வெளியிலிருந்து வந்து சேரும் வாயுவைக் கொத்து தடுத்துவிட, கையிருப்பு தீர்ந்து மெல்ல அடங்குகிறது. பறிகொடுத்தவற்றைவிட இப்படிப் பட்டினியால் ஓய்ந்தவையே அதிகம் என்பது என் எண்ணம்.

கொத்துக்கு வெளியிலும் பட்டினி உண்டு. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையத்தின் ஆதித்ய சௌத்ரி குழுவினர், நாராயண்காவ் அருகே இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியால் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளின் ஹைட்ரஜனை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள். அன்றைய பிறப்பு வேகத்துக்கு அந்த இருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதும். பிரபஞ்சம் முழுவதும் விண்மீன் பிறப்பு குறைந்துகொண்டே வந்ததற்கு இது முக்கியமான தடயம்.

நம் பால்வீதி பெருங்கொத்து எதிலும் சிக்காததால், இங்கே இன்னும் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களுக்கு ஈடான விண்மீன்கள் உருவாகின்றன.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து வெறுங்கண்ணால் ஒரு கேலக்ஸியையாவது பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: தொழிற்பேட்டை விளக்குகள் விடாது. நவம்பர், டிசம்பரில் நிலவில்லாத இரவில், விளக்கில்லாத ஊருக்குப் போய் வடக்குப் பக்கம் பாருங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மங்கிய திட்டாகத் தெரியும். முடிந்தால் ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அனுமதி நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.